ஒன்பதாவது வீடு

கம்போங் மேடானில் அந்த வருஷம் கையில் அட்டையும் பேனாவுமாக யார் வந்தாலும் அவர்கள் வீடு கொடுக்க வந்தவர்கள்தான். கொசு மருந்து அடிக்க வந்தவனையும் தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவனையும் உட்காரவைத்து, சிரப் கலக்கிக் கொடுத்து, அடுக்குமாடியில் எத்தனை அறை என்று கேட்டார்கள். அவர்கள் குடித்துவிட்டு, தெரியாது என்று சொல்லிப் போனார்கள். புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமுமாக நிற்கும் வீடுகளை எந்த மாதத்திலும் உடைத்துவிடுவார்கள், பதிலுக்கு மலிவு விலையில் வீடு தருவார்கள் என்ற பேச்சு ஏழு வருஷமாக இருந்தது. 1991லும் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வருவது ஒன்றுதான் அங்கே தவறாமல் நடந்தது.

எனவே பிரிக்பீல்ட்ஸிலிருந்து புனிதவதி என்ற பெண் தோள்பையோடு வந்து, வாழ்க்கைத் தரத்தைக் கணக்கெடுக்கிறோம் என்று சொன்னபோது அவளை யாரும் சந்தேகிக்கவில்லை. வாழ்க்கைத் தரம் என்றால் வீடுதானே. கோயில் தலைவர் பக்கிரிசாமி, கக்கத்தில் கோப்பு இல்லாமல் கக்கூஸுக்குக்கூடப் போகாத மனிதர், அவளுக்கு முன்னாலேயே வரிசை வரிசையாக நடந்து புத்தி சொல்லிவிட்டு வந்தார். சண்டை சச்சரவு இல்லாத குடும்பத்துக்குத்தான் வீடு. எதைக் கேட்டாலும் நல்லது என்று சொல்லுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் சொல்லச் சொல்வாள், ஐந்து என்று சொல்லுங்கள்.

ஒன்பது வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணி எடுத்தார்கள். அந்த வாரத்துக் கணக்குப்படி இந்த நாட்டிலேயே மிகவும் திருப்தியாக வாழ்கிறவர்கள் கம்போங் மேடான் சாக்கடையோரத்து ஜனங்கள்தான். வேலையில்லாதவன் ஐந்து. முந்தின ராத்திரி மனைவியின் பல்லை உடைத்தவன் ஐந்து. பல் போனவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஐந்து.

மூன்றாவது வரிசையில் ஒன்பதாவதாக வந்தது ரெங்கசாமியின் வீடு.

ரெங்கசாமிக்கு நாற்பத்தாறு வயது. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினான். மனைவி தங்கமணி கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிப்போகும், மூன்று மணிக்குக் கொண்டுவந்து தள்ளும். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். பிள்ளை இல்லை.

புனிதவதி வந்த நேரம் இருவரும் வீட்டில் இருந்தார்கள். கூரைத் தகரம் அனலாக இருந்தது. தங்கமணி வந்த களைப்போடு நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று புனிதவதி விளக்கினாள். அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். தங்கமணியின் பிறந்த தேதி, பதிவேடு எழுதும் தோட்டத்துக் கிராணி ஏதோ ஒரு காலையில் அவசரமாக நிரப்பிய தேதி. அதன்படி அவளுக்கு இன்னும் பதினெட்டு நாளில் பிறந்தநாள்.

"அவளுக்கு என்ன தெரியும்லா, மிஸ். என்னைக் கேளுங்க," என்றான் ரெங்கசாமி.

"இல்ல அங்கிள், ரூல்ஸ் அப்படி. ஆன்டிதான் சொல்லணும்."

"அவ சொல்லுவா. நான் சொல்லிக் கொடுக்கறேன்."

அப்படியே நடந்தது. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தாளைப் பார்த்துப் படித்தாள் அந்தப் பெண். ஐந்து என்றான். தூக்கம் எப்படி. ஐந்து. உங்கள் மனதில் சோர்வு, வெறுமை ஏற்படுவதுண்டா. அவன் யோசிக்காமல் அதற்கும் ஐந்து என்றான். ஐந்து என்றால் இதற்கு எப்போதும் உண்டு என்று பொருள், அங்கிள், என்று அவள் தயங்கிச் சொல்ல, அப்படியானால் எது நல்லதோ அதைப் போடுங்கள் என்றான். தங்கமணி நெத்திலியிலிருந்து தலையை எடுக்கவில்லை. தனக்கு எவ்வளவு தூக்கம், எவ்வளவு சோர்வு என்று பக்கத்தில் ஓர் ஆண்குரல் எண் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்க அவளுக்கு விநோதமாகக்கூட இல்லை. பதினேழு வருஷமாக இந்த வீட்டில் அவள் உடம்பைப் பற்றிய தகவல்கள் எல்லாம் அந்தக் குரலில்தான் வெளியே போய்க்கொண்டிருந்தன.

தாளின் இரண்டாம் பகுதி வந்தபோது புனிதவதியின் காது சிவந்தது. இனி வருவது தனியாகக் கேட்க வேண்டியது, அங்கிள் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டாள். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் என்ன கேள்வி என்றான் அவன். அவள் தாளைப் பார்த்தாள், தங்கமணியைப் பார்த்தாள். அம்மா வயசில் இருக்கும் ஒருத்தியிடம் படுக்கையைப் பற்றிக் கேட்பதற்கு அவள் வீட்டில் யாரும் அவளை வளர்க்கவில்லை. நேரமாகிவிட்டது, இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தாளை மடித்தாள்.

போகும்போது கோயில் சுவரோரம் நின்று அதை அவள் பூர்த்தி செய்ததைத் தண்ணீர் பிடிக்கப் போன தங்கமணி பார்த்தாள். பேனா ஒரே நேர்கோட்டில் மேலிருந்து கீழே இறங்கியது. மூன்று, மூன்று, மூன்று.

தங்கமணிக்கு அது புரிந்தது. அவளும் சோதனை பார்க்கிற வேலையில் இருப்பவள்தான். முதல் எட்டு வருஷம் சங்கிலியில் தொங்கி வரும் பீங்கான் கை அச்சுகளிலிருந்து சூடாகக் கையுறை உரித்தாள். விரல் நுனிகள் காய்த்துப் போன பிறகு சோதனைப் பகுதிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு குவியலிலிருந்தும் இத்தனை என்று எடுத்து, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிஷம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமலே கசியவில்லை என்று எழுதுகிறவர்களை அவளுக்குத் தெரியும். அவர்கள் கோடும் இப்படித்தான் நேராக இறங்கும்.

இந்தப் பெண்ணை அவள் வெறுக்கவில்லை. படித்தவர்களும் இவ்வளவுதான் என்று தோன்றியது.

*

விஷயம் இதுதான். மூன்று வருஷமாக ரெங்கசாமி அவளைத் தொடவில்லை.

முதலில் அவன் சொன்ன காரணம் நாற்றம். உன் மேல் ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு நாள் திரும்பிப் படுத்தான். அவள் நம்பினாள். வேலை முடிந்து வந்ததும் எலுமிச்சையைத் தேய்த்துக் குளித்தாள். மஞ்சள் பூசினாள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாசனைப் பவுடர் வாங்கினாள். தன் கையைத் தானே முகர்ந்து பார்ப்பது ஒரு பழக்கமாகி, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்கும் அளவுக்குப் போனது. ஒரு பெண் தன் உடம்பை அந்த அளவுக்கு அருவருக்க முடியும் என்பது நடக்கும்வரை அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து, லோரியைக் கழுவும்போது இருக்கைக்கு அடியில் அவளுக்கு ஒரு பொட்டலம் கிடைத்தது. இனிப்புநீர் வியாதிக்கான கிளினிக் அட்டை, அதோடு ஆண்மைக்கென்று குடிக்கும் தொங்காட் அலி வேர் ஊறிய இரண்டு போத்தல். அட்டையில் முதல் தேதி அவன் நாற்றம் என்று திரும்பிப் படுத்ததற்கு முந்தியது. டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தொழிற்சாலை நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். சீனி கூடினால் சில ஆண்களுக்கு இப்படி ஆகும், அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. சீக்குக்காரன் என்று இரக்கப்படக்கூடத் தயாராக இருந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கால் பிடித்துவிட்டிருப்பாள், கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பாள். தன் இயலாமையை அவன் அவள் தோலில் தடவிவிட்டுப் படுத்துத் தூங்கினான் என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். இப்போது அதற்கு மேலும் ஒன்று சேர்ந்திருந்தது. ரெங்கசாமியின் அக்கா சீதாலெட்சுமி, நாலு வீடு தள்ளி இருப்பவள், தம்பிக்கு இரண்டாம் தாரமாக ஜெஞ்சாரோமில் ஒரு பெண் பார்த்திருந்தாள். முப்பது வயது, அப்பா ஆலையில் காவல்காரர், பெண்ணுக்கு ஒரு கண் கொஞ்சம் மாறு. கோயிலில் மாலை மாற்றினால் போதும். தங்கமணி மனைவியாக இருக்க லாயக்கில்லாதவள், தம்பியைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை, வாரிசு வேண்டாமா என்று அவள் குழாயடி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வாரிசுக்கு விட்டுப்போக என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நிலம் அரசாங்கத்துடையது, தகரம் ஓட்டை.

ரெங்கசாமி மறுக்கவில்லை. அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்று தங்கமணி பல நாள் யோசித்தாள். அவளிடமும் ஒரு நாற்றம் கண்டுபிடிப்பான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி முன்னிலையில் தங்கமணி, எனக்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பின்பக்கத்து அறையில் இருந்துகொள்ளலாம். சொல்லாவிட்டால் இந்த வீட்டில் இடமில்லை. வீட்டுப் பட்டியலில் இருப்பது ரெங்கசாமி பெயர். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. இருந்த ஒரு தம்பி ஜொகூரில் எங்கேயோ.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. தங்கமணி கெம்போங் மீன் குழம்பு வைத்தாள். தன்னைத் தள்ளிவைக்க வருகிறவர்களுக்குத் தானே சமைப்பது அவளுக்கு அவமானமாகப் படவில்லை. குழம்பு கொதிக்கும்போது மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போலவே உப்புப் பார்த்தாள்.

பக்கிரிசாமி கோப்போடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சீதாலெட்சுமி தரையில், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டாள். ரெங்கசாமி புதுச் சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்தபோது தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பேச்சை நெடுநேரம் சுற்றி வளைத்தார்கள். குடும்பம் என்றால் என்ன, கோயில் என்றால் என்ன, பக்கிரிசாமி எத்தனை குடும்பங்களைச் சேர்த்துவைத்திருக்கிறார் என்பதெல்லாம் வந்தது. கடைசியில் சீதாலெட்சுமிதான் பொறுக்காமல் சொன்னாள்.

"மறைக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு. எந்தம்பி ஆம்பிளை. மூணு வருஷமா இவ பக்கத்தில விடறதில்ல. ஒரு பொம்பளைக்கு அந்த நெனப்பே இல்லைன்னா அவள வச்சி என்ன செய்றது? கட்டையத்தான் வச்சிருக்கோம்."

"ரெங்கா, அப்படியா?" என்றார் பக்கிரிசாமி.

ரெங்கசாமி சிமெண்டுத் தரையைப் பார்த்தான். "ஆமாண்ணே," என்றான்.

தங்கமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுப்பான் என்று உள்ளே எங்கேயோ ஓர் ஓரத்தில் அதுவரை காத்திருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்காகத் தன் மேலேயே கேவலமாக இருந்தது.

மழை விழ ஆரம்பித்தது. தகரத்தில் அடித்த சத்தத்தில் வாசலில் யாரோ கூப்பிட்டது முதலில் கேட்கவில்லை. புனிதவதி பாதி நனைந்து நின்றாள். ஷா ஆலம் ஆபீஸில் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம், ஆன்டி மற்ற நாள் வேலைக்குப் போவதால் இன்றைக்கு வந்தேன் என்றாள். ஆட்களைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று திரும்பினாள்.

பக்கிரிசாமி விடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. ஒரு வீட்டுத் தாள் கெட்டால் கம்போங் பட்டியல் முழுவதும் கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு. பெண்ணை உட்காரச் சொன்னார். துண்டு கொடுக்கச் சொன்னார்.

"தங்கமணி, கவர்மெண்டு விஷயம்மா. முதல்ல இத முடிச்சிருவோம். எல்லாம் நல்லதாச் சொல்லு."

"எல்லாம் நல்லாயிருக்குன்னா சொல்லச் சொல்றீங்க, அண்ணே?"

"ஆமாம்மா."

"எல்லாம் நல்லாயிருந்தா நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

பக்கிரிசாமி கோப்பைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் தனியாகக் கேட்க வேண்டியது, வேறு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று புனிதவதி மெல்ல ஆரம்பித்தாள். தங்கமணி அவளுக்கு எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"இவங்க எல்லாரும் அதைப் பேசத்தான்மா வந்திருக்காங்க. அரை மணி நேரமா என் படுக்கையத்தான் பேசறாங்க. நீ மட்டும் எதுக்கு வெக்கப்படற? கேளு."

"ஆன்டி..."

"கேளும்மா. இந்தத் தடவை நான் சொல்றத எழுது."

புனிதவதி படித்தாள். தாளில் இருந்தது இலக்கணத் தமிழ், யாரும் யாரிடமும் பேசாத தமிழ். கடந்த நான்கு வாரங்களில் எத்தனை முறை தாம்பத்திய உறவு நிகழ்ந்தது.

"இல்லை."

கடைசியாக நிகழ்ந்து எவ்வளவு காலமாகிறது.

"மூணு வருஷம் ரெண்டு மாசம்."

"ஏய், எழுந்திரு," என்றான் ரெங்கசாமி. ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. பக்கிரிசாமி அவன் முழங்காலில் கையை வைத்தார். அடுத்ததைக் கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது. அது அவர் முகத்தில் பச்சையாகத் தெரிந்தது.

காரணம் என்ன, ஒன்று உங்கள் உடல்நிலை, இரண்டு கணவரின் உடல்நிலை, மூன்று உங்களுக்கு விருப்பமின்மை, நான்கு மற்றவை. பெண்ணின் குரல் மழைச் சத்தத்துக்குள் தேய்ந்தது.

"ரெண்டு," என்றாள் தங்கமணி. "இனிப்புநீர். கிளினிக் அட்டை லோரி சீட்டுக்கு அடியில இருக்கு. தேதி பாக்கணும்னா எடுத்துட்டு வரேன்."

சீதாலெட்சுமி தம்பியைப் பார்த்தாள். தம்பி சட்டைப் பொத்தானைப் பார்த்தான். அவன் பொய் என்று கத்துவான், கையை ஓங்குவான் என்று தங்கமணி உடம்பை இறுக்கி வைத்திருந்தாள். அதற்குக்கூட அவனிடம் சத்து இல்லை. ஒரு பொய்யை மூன்று வருஷம் காப்பாற்றியவன் அதற்காக ஒரு நிமிஷம் சண்டை போடக்கூடாதா என்று நினைத்தாள்.

புனிதவதி அடுத்த கேள்வியில் நின்றுவிட்டாள். வேண்டாம் ஆன்டி, இது போதும் என்றாள். என்ன கேள்வி என்று கேட்டாள் தங்கமணி. அவள் தலையைத் தூக்காமல் வாசித்தாள்.

"உங்களுக்கு அவ்வுறவில் விருப்பம் எந்த அளவுக்கு உள்ளது? ஒன்று, அறவே இல்லை. ஐந்து, மிகவும் உண்டு."

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முந்தி கேட்கவில்லை, கல்யாணமான இரவு கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எலுமிச்சை தேய்த்துக் குளித்ததெல்லாம் அவன் வரவேண்டும் என்பதற்காக, ஒரு மனைவிக்கு வரவேண்டிய மரியாதைக்காக என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் சோதனை மேசையில் நிற்கும்போது, பிற்பகல் மூன்று மணி வெயிலில் பஸ்ஸில் சாய்ந்து கண்ணை மூடும்போது, காரணமில்லாமல் அடிவயிற்றில் ஒரு சூடு பரவி, பிறகு நாள் முழுக்க எரிச்சலாக இருக்குமே, அது மரியாதை இல்லை. அதற்கு நாற்பது வயதில் ஒரு பெயர் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் நல்ல பெண்பிள்ளையாக எழுந்துகொள்ளலாம். கணவன் சீக்காளி, மனைவி பொறுமைசாலி. பக்கிரிசாமி இப்போதே அவளை அப்படிப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார். குழாயடியில் நாலு பேர் பாவம் என்பார்கள். அந்தப் பாவத்தை வைத்து மீதிக் காலத்தை ஓட்டலாம்.

"அஞ்சு," என்றாள்.

சீதாலெட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள். தம்பிக்கு முடியாது என்று கேட்டபோது பொத்தாத காது. எழுந்து, கொட்டும் மழையில் குடை எடுக்காமல் வெளியே போனாள். பக்கிரிசாமி இதற்கு மேல் இருப்பது தன் பதவிக்கு ஆகாது என்று முடிவு செய்தவர்போல் கோப்பைக் கட்டினார். வாசலில் நின்று ரெங்கசாமியிடம் சொன்னார்.

"ஜெஞ்சாரோம்காரங்களுக்கு நான் என்னன்னு சொல்றது, ரெங்கா? விட்டுரு. அட்டையெல்லாம் இருக்குங்கறா." பிறகு, போகிற போக்கில், "பொம்பளை வாய்ல வர்ற பேச்சாயா இது," என்றார்.

புனிதவதி மட்டும் மிச்சமிருந்தாள். தாளின் கடைசிக் கட்டம் பேட்டி எடுப்பவருக்கானது. பேட்டியின்போது மூன்றாம் நபர் யாரும் உடன் இருந்தார்களா, ஆம் என்றால் இத்தாள் ஏற்கப்படாது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். இல்லை என்று குறியிட்டாள். அந்த ஒரு பொய் இல்லாவிட்டால் மற்ற உண்மையெல்லாம் குப்பைக்குப் போகும். படித்த படிப்பு அந்த அளவுக்காவது உதவியது. தங்கமணி கொடுத்த சோற்றை வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள், மீனை மட்டும் தொடவில்லை. மழை குறைந்ததும் போனாள்.

*

ரெங்கசாமி புதுச் சட்டையோடு கட்டிலில் கிடந்தான். சாக்கடை வாசற்படி வரை ஏறி, நின்று, இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வீடு தள்ளி சீதாலெட்சுமியின் குரல் கேட்டது. தம்பியின் வியாதியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அஞ்சாம், அஞ்சு என்கிறாள், வெட்கங்கெட்டவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூட்டம் சேர்ந்திருந்தது.

தங்கமணி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அவன் கூப்பிட்டான்.

"அந்தப் பொண்ணு பேரு எழுதினாளா அதில?"

"யார் பேரு?"

"எம் பேரு."

"பேரெல்லாம் எழுத மாட்டாங்களாம். வீட்டு நம்பர் மட்டும்தான்."

அவன் பெருமூச்சு விட்டான். நிஜமான நிம்மதி. தோள் தளர்ந்து, புரண்டு படுத்தான். அப்படியென்றால் வெளியே யாருக்கும் தெரியாது என்றான். நாலு வீடு தள்ளி அக்காவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கமணி ஈரக் கையோடு நின்று பார்த்தாள். இந்த மனிதன் மேல் எவ்வளவு கோபம் இருந்தது என்று உள்ளே தேடினாள். இல்லை. கோபப்பட அவன் இன்னும் கொஞ்சம் பெரிய ஆளாக இருந்திருக்க வேண்டும்.

"எல்லாம் முடிஞ்சிருச்சில்ல," என்றான் அவன், கண்ணை மூடியபடி. "இனிமே நமக்கு வீடு கிடைச்சிரும்ல?"

"நமக்கா?" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. அந்த வார்த்தைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவன் பதில் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். குறட்டை வந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் உணவு இடைவேளையின்போது கிராணியிடம் போய், கிள்ளானில் பெண்கள் ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தாள். கல்யாணமானவர்களுக்குக் கிடையாதே என்று சொல்லிக்கொண்டே அவர் விண்ணப்பத்தை எடுத்தார். குடும்ப நிலை என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா போடறது?"

"தனி ஆளுன்னு போடுங்க," என்றாள் தங்கமணி.